சேற்றுத்தட வாகனப் பந்தயச் சங்கம்: 2024-25 செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அண்ணாச்சி அவர்களுக்கும், மேடையில் இருக்கும் நிர்வாகிகளுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராத உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கையின் படி தபாலில் போகும். அவர்களைப் பற்றியும் இதில் கொஞ்சம் இருக்கிறது.

விதிப்படி கூட வேண்டிய செயற்குழுக் கூட்டங்கள் கூடின. சிலவற்றில் போதிய வருகை (கோரம்) இல்லாமல் அரை மணி நேரம் ஒத்திவைத்து, அதே ஆட்களைக் கொண்டே மறுபடி தொடங்கினோம். ஆயுத பூஜையன்று வண்டிகளுக்குப் பூஜை நடந்தது. இரத்ததான முகாம் நடந்தது. புளியரை வழியாகக் கேரளத்துக்குச் சென்று அங்கு நடந்த ஒரு சேற்றுப் பந்தயத்தில் நம் ஜீப் ஒன்று இரண்டாம் சுற்று வரை ஓடியது.

இனித் தடத்துக்கு வருகிறேன். டீக்கடையில் இதற்கு ‘செயலாளர் குளம்’ என்று பெயர் வைத்திருப்பது எனக்குத் தெரியும்.

இந்த அறிக்கை பதிவாளர் அலுவலகத்துக்கும் போவதால் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். இது மலையேறும் ஜீப் ஓட்டம் அல்ல. நேராக இரண்டு சேற்றுத் தடங்கள், தடத்துக்கு ஒரு வண்டி. கொடி விழுந்ததும் மறுமுனையை யார் முதலில் தொடுகிறார் என்பதே கணக்கு. நடுவில் புதைந்துபோனால் முன் அச்சு எட்டிய இடம் வரை நாடா பிடித்து அளப்போம். இரண்டு தடத்திலும் சேறு ஒன்றுபோல் இருந்தால்தான் இது பந்தயம். இல்லாவிட்டால் குலுக்கல் சீட்டு.

இதுவரை கார் பருவ நெல் அறுப்பு முடிந்து, அடுத்த பருவமான பிசானத்துக்குத் தண்ணீர் கட்டுவதற்குள் கிடைக்கும் இடைவெளியில் வாடகை வயலில் நடத்தி வந்தோம். வயலில் ஆண்டாண்டாகத் தொளி அடித்ததில், அதாவது தண்ணீர் கட்டிச் சேறாக உழுததில், உழவின் ஆழத்துக்குக் கீழே ஒரு கெட்டித் தட்டு படிந்திருக்கும். நெல்லுக்குத் தண்ணீர் நிற்பது அதனால்தான். நம் பிக்கப் வண்டி ஓரிடத்தில் புதைந்து சக்கரத்தைச் சுழற்றினால் அந்தத் தட்டு கிழிந்துவிடும். பிறகு பாய்ச்சும் தண்ணீர் தங்காது. வயல்காரர் கேட்ட நஷ்டஈடு வாடகையைவிடப் பெரிதாக இருந்தது. அவர் கேட்டது நியாயம் என்று நான் அன்றே சொன்னேன். மினிட் புத்தகத்தில் இருக்கிறது. சொந்தத் தடம் என்ற தீர்மானம் அங்கிருந்துதான் பிறந்தது. அன்று கை தூக்கியவர்களில் பாதிப் பேர் இன்று ‘பள்ளம் தோண்டவா சந்தா?’ என்று கேட்கிறார்கள்.

மூலைக்கரைப்பட்டிப் பக்கம் உறுப்பினர் ஒருவர் குத்தகைக்குத் தந்த தரிசில் 60 மீட்டர் நீளத்துக்கு இரண்டு தடங்கள் வெட்டினோம். தடம் ஒவ்வொன்றும் 4 மீட்டர் அகலம், நடுவில் வரப்பு. அடியில் சரள் பரப்பி உருளை விட்டோம். தொடக்கத்தில் அரையடி ஆழம், போகப்போக இரண்டரை அடி. இதுவரை யாரும் குறை சொல்லவில்லை. குறை எல்லாம் மண்ணில்தான்.

அந்த இடத்துச் செம்மண்ணையே போட்டால் மணல் அடியில் தங்கி, மேலே தண்ணீர் மட்டும் நின்றது. கரிசல் கொட்டலாம் என்று ஓர் அணி கிளம்பியது. கரிசல் களி டயரின் பட்டன்களுக்கு, அதாவது துருத்தி நிற்கும் ரப்பர் கட்டைகளுக்கு, இடையே அப்பினால், எவ்வளவு வேகமாகச் சுழற்றினாலும் உதறாது. பட்டன் அடைத்த டயர் மொட்டை டயர்தான். தவிர, காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அடுத்த முறை இறைக்கும் தண்ணீர் முழுவதும் அந்த வெடிப்புக்குள் போகும். குளத்து வண்டல்தான் சரி என்பது என் கட்சி. 2024 முதல் வட்டாட்சியர் அளவிலேயே கட்டணமின்றி வண்டல் எடுக்க அனுமதி தருகிறார்களே என்றார்கள். அது விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும். ‘விவசாயம் என்று எழுதிக் கொடுங்கள்’ என்று ஆலோசனை சொன்னவர்கள், அந்தத் தாளில் கையெழுத்துப் போடப்போவது யார் என்பதை யோசிக்கவில்லை. கடைசியில் இரண்டு பங்கு செம்மண்ணுக்கு ஒரு பங்கு கரிசல் கலந்து, கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிய டிராக்டரை இறக்கித் தொளி கலக்கினோம். ஏறக்குறைய வண்டல் பதத்துக்கு வந்துவிட்டது.

ஆடிக்காற்றில் ஓட்டம் வைக்கச் சொன்னவர்கள் ஒருமுறை அங்கே வந்து பார்த்திருக்கலாம். மாலையில் நிரப்பினால் காலையில் மேலே பொருக்குத் தட்டிவிடும். ஆகவே மழைக்காலம் கழிந்து மாசியில்தான் வைத்தோம். முந்தைய நாள் ஒரே ஜீப்பை இரண்டு தடத்திலும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்ததில் நேர வித்தியாசம் அரை விநாடிக்குள் இருந்தது. செயலாளர் குளம் என்கிறவர்கள் இந்த ஒரு வரியை மட்டுமாவது படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பந்தயத்தில் ரேடியேட்டரைப் பின்புறத் தொட்டிக்கு மாற்றிய வண்டிகள் சூடேறாமல் ஓடின. முன்னாலேயே விட்டவர்கள் சேறு அடைத்து, பாதியில் ஆவி பறக்க நின்றார்கள். காற்று வடிகட்டிக் குழாயைக் கூரைக்கு மேல் உயர்த்தாத ஒரு பிக்கப்பின் எஞ்சினுக்குள் தண்ணீர் போய்க் கனெக்டிங் ராடு வளைந்தது. அதன் செலவைச் சங்கம் ஏற்க வேண்டும் என்ற கடிதம் என்னிடம் இருக்கிறது, பதில் அனுப்பியாயிற்று. புதைந்த வண்டியை இழுக்கச் சங்கிலி கூடாது, நைலான் பெல்ட்தான், அதன்மேல் நனைத்த சாக்கு என்ற விதியில் தளர்வு இல்லை. அறுந்த சங்கிலி எங்கே போய் விழும் என்று யாரும் சொல்ல முடியாது.

இன்னொன்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் முதலில் குறித்ததற்கு மாறும்படி வண்டியை மாற்றியமைக்கக் கூடாது; மாற்றிய வண்டி சாலைக்கு வந்தால் அபராதம். பொது இடத்தில் அனுமதியின்றிப் பந்தயம் விட்டால் 189-ஆம் பிரிவு. அதனால்தான் வண்டிகளை லாரியில் ஏற்றி வாருங்கள் என்று ஒவ்வொரு சுற்றறிக்கையிலும் எழுதுகிறேன். டிராக்டர் டயருடன் ஜீப்பை பாளையங்கோட்டைக்குள் ஓட்டிப்போய் அபராதம் கட்டிய உறுப்பினர், காவலரிடம் என் தொலைபேசி எண்ணைக் கொடுத்ததைத் தவிர்த்திருக்கலாம்.

சந்தா. ஆண்டுக்கு 600 ரூபாய். ஒரு டயரின் பட்டன்களை ஒன்றுவிட்டு ஒன்றாக அறுத்துக் கொடுக்கும் கூலிகூட அதைவிட அதிகம். ஆனாலும் பட்டியலில் பாதிக்கு மேல் பாக்கி. சிலருக்கு இது மூன்றாவது ஆண்டு. தடத்தில் சரள் பரப்பிய அன்று வரச் சொல்லி எல்லோருக்கும் தகவல் போனது. திருமண வீடு, துஷ்டி வீடு, கொடை விழா, கண் ஆபரேஷன் என்று வந்த பதில்களை அடுக்கினால் ஜில்லா முழுவதிலும் அன்று எந்த வீட்டிலும் ஆள் இருந்திருக்க முடியாது. சொதிச் சாப்பாடு என்று அறிவித்த பொதுக்குழுவுக்கு மட்டும் வருகைப் புத்தகத்தில் இடம் போதவில்லை. இஞ்சிப் பச்சடி தீர்ந்துவிட்டது என்று எழுத்து மூலம் புகார் வந்தது. கொடுத்தவர் சந்தா பாக்கிக்காரர்.

வரவு செலவை பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாக, வரவு சுமார். செலவு எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் கூடுதல். ஜேசிபி வாடகை, டிப்பர் நடை, தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்கு டீசல் ஆகியவை பொதுச் செலவு என்ற தலைப்பில் சேர்ந்திருக்கின்றன. சில ரசீதுகள் சேற்றில் நனைந்திருந்தாலும் படிக்கும்படியாகவே உள்ளன என்று தணிக்கையாளர் ஒப்புக்கொண்டார். பற்றாக்குறைக்கு நிர்வாகி ஒருவர் கைமாற்று கொடுத்திருக்கிறார். பெயரைச் சொல்ல அவர் விரும்பவில்லை. இந்த அறிக்கையை எழுதுவதும் அவரே.

நிலம் தந்த உறுப்பினருக்கும், இரவில் வெல்டிங் செய்துகொடுத்த பட்டறைக்காரர்களுக்கும், கொடி பிடித்த பிள்ளைகளுக்கும், பந்தயத்தன்று தண்ணீர்ப் பந்தல் வைத்த ஊராருக்கும், அனுமதி வழங்கிய அலுவலர்களுக்கும், துணைச் செயலாளர் வந்த நாட்களுக்காக அவருக்கும் நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி ஒளிக்க எதுவும் இல்லை. நடு வரப்பு கரைந்திருக்கிறது. பிசானம் முடிவதற்குள் கட்ட வேண்டும். பார்வையாளர் நிற்கும் பக்கம் கம்பி வேலி இல்லாமல் இனி ஓட்டம் நடத்த நான் சம்மதிக்க மாட்டேன். ஓட்டுநர் ஒவ்வொருவருக்கும் கூண்டுக் கம்பி, இடுப்பும் தோளும் சேர்த்துக் கட்டும் பெல்ட், ஹெல்மெட் கட்டாயம்; தீயணைப்பான் சங்கம் வாங்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி வெள்ளம் வீதிக்குள் வந்தபோது நம் வண்டிகளையும் கயிறுகளையும் கேட்டு வந்த கடைக்காரப் பெருமக்கள், ‘சேற்றில் என்ன விளையாட்டு’ என்று அன்றைக்குக் கேட்கவில்லை. அவர்களில் சிலர் இன்று சிறப்பு விருந்தினராக முன்வரிசையில் இருக்கிறார்கள். வேலிக்கு எத்தனை தூண் வேண்டும் என்ற கணக்கு என் பையில் இருக்கிறது, கேட்பவருக்குக் காட்டுவேன்.

செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்பதில் எனக்கு முழுச் சம்மதம். ஏற்பவர் மோட்டார் சாவியையும், டிப்பர்காரர் பாக்கியையும், நஷ்டஈடு கேட்கும் கடிதக் கோப்பையும் சேர்த்தே வாங்கிக்கொள்ள வேண்டும். தேர்தல் மூன்று மணிக்கு. பாக்கி வைத்திருப்பவர்களுக்கு விதிப்படி வாக்கு இல்லை. பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் பந்திக்கூடத்து வாசலில் உட்கார்ந்திருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்