ஊபினில் நனைந்த இரண்டு நாள்கள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. வீட்டில் அனைவரும் நலம் என்று அறிந்து மகிழ்ந்தேன். ஆனால் மொட்டை மாடியில் இருந்த ஆன்டெனாவை இறக்கிச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டதாகவும், கைப்பேசி இருக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்று பிள்ளைகள் கேட்பதாகவும் நீ எழுதியிருந்த வரிகள் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தன. உடனே பதில் எழுதியிருப்பேன். பொழுதுபோக்காக வானொலியில் மற்றவர்களோடு பேசும் எங்கள் ஹாம் குழு ஜூன் கடைசியில் சிங்கப்பூரின் ஊபின் தீவில் முகாம் போட இருந்ததால், போய்வந்த கையோடு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

அமெரிக்க ஹாம்கள் 1933 முதல், இப்போதெல்லாம் ஜூன் மாத நான்காம் வார இறுதியில், வீட்டு மின்சாரத்தை விட்டு வெளியே வந்து திறந்த வெளியில் நிலையம் அமைத்துப் பழகுகிறார்கள் அல்லவா? நாங்களும் அதே வார இறுதியைத் தேர்ந்தெடுத்திருந்தோம். வெள்ளிக்கிழமையே வானிலை முன்னறிவிப்பு மோசமாக இருந்தது. தள்ளி வைக்கலாம் என்று பாதிப் பேரும், போகத்தான் வேண்டும் என்று மீதிப் பேரும் இரவு பதினொரு மணிவரை வாதாடினோம். நான் போக வேண்டும் என்ற பக்கம். ஆண்டில் 160 நாள்களுக்கு மேல் இடி இடிக்கும் ஊரில் வெயில் நாளாகப் பார்த்துப் பயிற்சி செய்து என்ன பயன் என்று கேட்டேன். ஆபத்து என்று ஒருவருக்குத் தோன்றினாலும் எல்லோரும் கரை திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையோடு எங்கள் குழுவின் மூத்தவர் ஒப்புக்கொண்டார். அவர் இளைஞராக இருந்தபோது, ஒவ்வொரு ஹாமுக்கும் பெயர்போல விளங்கும் அழைப்புக் குறிகள் இங்கே விஎஸ்1 என்று தொடங்கின. மலேசியாவோடு இருந்த இரண்டாண்டுகளில் 9எம்4 ஆகி, பிறகு இன்றைய 9வி1 ஆயின. மூன்றையும் காதால் கேட்டவர் சொன்னால் யார் மறுப்பது?

சனிக்கிழமை காலை சாங்கி முனையில் ஒன்பது பேர் கூடினோம். பம்போட் என்ற சிறு படகுக்குப் பன்னிரண்டு பேர் சேர வேண்டும் என்பதால், மிதிவண்டி ஓட்ட வந்த ஒரு குடும்பம் வரும்வரை காத்திருந்து ஏறினோம். ஜெலுத்தோங் முகாம் தளத்தில் கண்ணாடியிழைக் கம்பத்தை நிறுத்தி, 7 மெகாஹெர்ட்ஸுக்கு இருபது மீட்டர் நீளமுள்ள அரையலை டைபோல் என்ற கம்பி ஆன்டெனாவைக் கவிழ்த்த வி வடிவில் கட்டினோம். எர்த் எடுக்கக் கொண்டுபோயிருந்த செம்புக் கோல் மட்டும் ஒரு முழம்கூட இறங்கவில்லை. ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கும் உட்லண்ட்ஸ் கடற்பாலத்துக்கும் கருங்கல் கொடுத்த தீவு அது. மண்ணைச் சற்றுக் கிளறினாலே பாறைதான்.

மதியம் ஒரு மணிக்குத் தொடங்கிய மழை நான்கு மணிவரை விடவில்லை. தாழ்வாகக் கட்டிய கம்பியிலிருந்து அலை நேர் மேலே போய்ச் சில நூறு கிலோமீட்டர் சுற்றுவட்டத்தில் இறங்கும் என்பது நாம் படித்ததுதானே. அதன்படியே மலேசிய நிலையங்களும் சுமத்ராவின் ஒரு நிலையமும் பக்கத்து வீட்டுக் குரல்போலத் தெளிவாகக் கேட்டன. ஆனால் மூன்று மணியளவில் நாங்கள் அனுப்புவது யாருக்கும் போய்ச் சேரவில்லை. ஆன்டெனா ஏற்காமல் திரும்பி வரும் அலையைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர், காலையில் 1.3 காட்டியது, மூன்றைத் தாண்டி நின்றது. வானொலிப் பெட்டி பழுதாகிவிட்டது என்று ஒருவரும், பேட்டரி இறங்கிவிட்டது என்று இன்னொருவரும் சொன்னார்கள். கம்பத்தை இறக்கி, வானொலிப் பெட்டியிலிருந்து வரும் கோஆக்ஸ் கம்பி ஆன்டெனாவோடு சேரும் இணைப்பியைத் திருகிக் கழற்றினேன். தேநீர் நிறத்தில் ஒரு சொட்டு நீர் என் கட்டை விரலில் விழுந்தது. செம்பு வலை கறுத்துப் போயிருந்தது. நான்தான் காலையில் அவசரத்தில் அந்த இடத்துக்கு ரப்பர் டேப் சுற்றாமல் விட்டவன். கறுத்த பகுதியை வெட்டி எறிந்து, குடைக்குக் கீழே புது இணைப்பியைப் பற்றவைத்து, டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றி மறுபடி ஏற்றி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரமும் எங்கள் நிலையம் ஊமை.

மாலையில் வானம் வெளுத்து, எதிர்க்கரையில் விளக்குகள்கூடத் தெரிந்தன. இளைஞன் ஒருவன் இந்தோனேசிய நிலையத்தோடு உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, ரிசீவரில் கடுகு வெடிப்பதுபோல் சடசடப்பு கேட்கத் தொடங்கியது. மூத்தவர் உடனே ஆன்டெனாவைக் கழற்றச் சொன்னார். மழையே இல்லையே என்று அவன் மன்றாடினான், அவர் இசையவில்லை. கண்ணுக்குத் தெரியாத தொலைவில் வெட்டும் மின்னலையும் 7 மெகாஹெர்ட்ஸ் ரிசீவர் காட்டிக்கொடுத்துவிடும் என்பதை அவன் அன்றுதான் நேரில் கண்டான். பத்து நிமிடத்தில் முதல் இடி உருண்டது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது விநாடிக்குக் குறைந்தால் அது பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது என்று கணக்கு. கம்பத்தைச் சாய்த்துவிட்டுப் படகுத்துறைப் பக்கம் இருந்த கட்டடத்துக்கு எல்லோரும் நடந்தோம். இரவை அங்கேயே கழிப்பது என்று முடிவு செய்தது நல்லதாயிற்று. விடியற்காலை நான்கு மணிக்குச் சுமத்ராக் காற்று வந்தது. மேற்கிலிருந்து ஒரு பெரும் இரைச்சல் நீரின்மேல் நடந்து வருவதுபோல் வந்து, அரை மணி நேரம் தீவையே உலுக்கியது. காலையில் போய்ப் பார்த்தால் ஒரு கூடாரத்தின் கம்பிகள் முறிந்து, துணி புதரில் கிடந்தது.

யாரோடு பேசினோம் என்று குறித்துவைக்கும் பதிவேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு பேர் எழுதினார்கள். பேனாவால் எழுதியவரின் பக்கங்கள் முழுவதும் நீலக் கறையாகிவிட்டன. பென்சிலால் எழுதியவரின் ஈரத்தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விசிறிக் காய வைத்தோம். ஓர் எழுத்துகூட அழியவில்லை.

ஞாயிறு காலை இடி ஓய்ந்து ஒரு மணி நேரம் கழிந்த பிறகு, நான்கு பேர் புவாக்கா குன்றுக்கு ஏறினோம். எழுபத்தைந்து மீட்டர் உயரம்தான். ஆனால் வழியெல்லாம் செம்மண் சேறு, ஒவ்வோர் அடிக்கும் காலணி ஒரு படி கனத்தது. அதே நேரம் தீவுக்கு வராத எங்கள் குழுவினர் இரண்டு பேர் 163 மீட்டர் உயரமுள்ள புக்கிட் தீமா குன்றில் நின்றார்கள். 144 மெகாஹெர்ட்ஸில், குரலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் எதன் உதவியும் இல்லாமல், ஐந்து வாட் கைப்பெட்டியில் நான் அழைத்தேன். இருபது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, மழைச் சொட்டின் ஓசையோடு சேர்த்து, பதில் வந்தது. அப்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது என்று உன்னிடம் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை.

2004 டிசம்பரில் நாம் இருவரும் ரிசீவரை விட்டு எழாமல் இருந்த வாரம் உனக்கு நினைவிருக்கிறதா? அந்தமானில் ஒலிபரப்ப வந்திருந்த பாரதி பிரசாத், ஆழிப்பேரலைக்குப் பிறகு போர்ட் பிளேரிலிருந்து வியூ4ஆர்பிஐ என்ற குறியில், உறவினரைப் பற்றித் தகவல் தெரியாமல் தவித்த குடும்பங்களுக்காகச் செய்திகளைக் கடத்திக்கொண்டிருந்தார். தொலைபேசிகள் விழுந்துவிட்ட இடத்திலிருந்து அந்தக் குரல் வந்தது. உன் பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு அந்த வாரத்தைப் பற்றி நீயே அவர்களிடம் சொல். நானும் அதை நினைத்துத்தான் அந்த இணைப்பியின் ஈரத்தைத் துடைத்தேன்.

பரணில் இருக்கும் கம்பியை இறக்கு. 14 மெகாஹெர்ட்ஸுக்கு இரண்டு கைகளும் ஐந்தைந்து மீட்டர் போதும். தென்னை மரமும் தண்ணீர்த் தொட்டியும் இருக்கின்றனவே, கட்டுவதற்கு வேறு என்ன வேண்டும்? இணைப்பில் டேப்பை இரண்டு சுற்று அதிகமாகவே சுற்று. வரும் மாதத்தின் முதல் சனிக்கிழமை, உனக்கு மாலை ஏழு மணி, எனக்கு ஒன்பதரை. முதலில் நான் அழைக்கிறேன், கால் மணி நேரம் விடாமல் அழைப்பேன். அன்று மின்னல் இருந்தால் மறுநாள் ஞாயிறு, அதே நேரம்.

73 (அன்பு வாழ்த்துகள்),
உன் பழைய நண்பன்
சிங்கப்பூர்