வலசைப் பறவைகளின் வருகைக் காலப் பதிவுகளைத் துறைப் பதிவேட்டில் ஏற்கவும், அவை தங்கும் மணல்திட்டுகளைக் காக்கவும் கோரும் மனு

அனுப்புநர்
இராமேசுவரம், மண்டபம், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் ஆகிய ஊர்களைச் சேர்ந்த பறவை நோக்கர்கள்
(கையொப்பப் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது)

பெறுநர்
உயர்திரு வன உயிரினக் காப்பாளர் அவர்கள்,
மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா,
இராமநாதபுரம்.

பொருள்: ஆகஸ்ட் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில் இராமநாதபுரம் கடலோரத்தில் பொதுமக்கள் காணும் வலசைப் பறவைகளின் விவரங்களைத் துறைப் பதிவேட்டில் ஏற்றுக்கொள்ளவும், அம்மாதங்களில் தனுஷ்கோடி மணல்திட்டுகளில் வாகனங்களைத் தடுக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். இந்த மனுவில் கையொப்பமிட்டுள்ள நாங்கள் ஆசிரியர்கள், கரைவலை இழுப்பவர்கள், உப்பளத் தொழிலாளர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், கல்லூரி மாணவர்கள் எனப் பல தொழில் செய்பவர்கள். அவரவர் ஊர்க் கரையில் காலையில் பார்த்த பறவைகளை அன்று மாலையே ஒருவருக்கொருவர் தொலைபேசியில் தெரிவித்து, நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைப்பது எங்கள் வழக்கம். இவ்வாறு சேரும் தகவல்கள் தனிப்பட்டவர்களின் வீட்டுக்குள்ளேயே தங்கிவிடாமல் தங்கள் துறைக்குப் பயன்பட வேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு இம்மனுவைச் சமர்ப்பிக்கிறோம்.

மாநிலம் முழுவதும் ஒரே நேரத்தில் நடத்தப்படும் ஈரநிலப் பறவைகள் கணக்கெடுப்பும், 1987 முதல் இந்தியாவில் நடந்துவரும் ஆசிய நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பும் பெரும்பாலும் ஜனவரியை ஒட்டியே நடைபெறுகின்றன. அவற்றின் மதிப்பை நாங்கள் நன்கு உணர்ந்திருக்கிறோம். எங்களில் சிலர் அவற்றில் தன்னார்வலர்களாகப் பங்கேற்றும் இருக்கிறோம். ஆயினும் எங்கள் கடலோரத்தில் வலசை தொடங்குவது ஜனவரியில் அன்று. ஆடியில் வீசும் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று முழுவதும் தணியுமுன்னரே, வடதுருவத்தை ஒட்டிய தூந்திர நிலங்களிலிருந்தும் திபெத்திய மேட்டு நிலங்களிலிருந்தும் முதல் கூட்டங்கள் வந்திறங்கத் தொடங்கிவிடுகின்றன. கரைப்பறவைகளில் பல இனங்களில் வளர்ந்த பறவைகள் முன்னே புறப்பட்டுவிட, அவ்வாண்டு பொரித்த இளம் பறவைகள் வழிகாட்டுவோர் எவருமின்றிச் சில வாரங்கள் கழித்துத் தாமாகவே பறந்து வருகின்றன. ஆகவே ஆகஸ்டில் வருபவை பெரும்பாலும் வளர்ந்தவை. செப்டம்பர், அக்டோபரில் இளம் பறவைகள் கூடுகின்றன. ஓர் ஆண்டில் இளம் பறவைகள் மிகக் குறைவாக வந்தால், அவை பிறக்கும் வடநிலங்களில் ஏதோ பழுது நேர்ந்திருக்கிறது என்பதை இராமேசுவரத்தில் இருந்தபடியே நம்மால் ஊகிக்க முடியும். ஜனவரி வரை காத்திருந்தால் அந்தச் செய்தி மங்கிவிடுகிறது; இறகுகள் மாறி எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிவிடுகின்றன, ஒரு பகுதி அதற்குள் கடலைத் தாண்டி இலங்கையின் மன்னார்த் தீவுப் பக்கம் சென்றுவிடுகிறது.

இன்னொன்றும் தங்கள் கவனத்துக்குரியது. நம் மாவட்டத்துச் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல், சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் ஆகிய கண்மாய்ச் சரணாலயங்கள் அனைத்தும் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றிருப்பது நமக்குப் பெருமை. ஆனால் வடகிழக்குப் பருவமழை பிடிக்கும் வரை இக்கண்மாய்களில் பெரும்பாலும் நீர் இருப்பதில்லை. ஆவணியிலும் புரட்டாசியிலும் பசியோடு வந்து சேரும் பறவைக்குத் தனுஷ்கோடியின் இருபுறக் கரைகளும், கோதண்டராமர் கோயிலை ஒட்டிய ஆழமற்ற நீர்ப்பரப்பும், பிள்ளைமடம் உப்பங்கழியும், வாலிநோக்கம் உப்பளங்களுமே கதி. கண்மாய் நிறைந்த பிறகு எடுக்கப்படும் கணக்கு, நீரற்ற மாதங்களில் இந்தக் கரை சுமக்கும் பாரத்தைக் காட்டாது.

அந்தப் பறவைகள் இங்கு வந்து என்ன செய்கின்றன என்பதை அருகிலிருந்து பார்த்தவர்களாகச் சொல்கிறோம். முப்பது கிராம்கூட எடையில்லாத கொசு உள்ளான், அலை பின்வாங்கிய ஈரமணலில் நிமிடத்துக்குப் பல முறை அலகைக் குத்திக்குத்தி எடுத்தபடி ஓயாமல் நடக்கிறது. நண்டுதின்னியோ வேறு வகை: அசையாமல் நிற்கும், திடீரென நாலடி ஓடும், வளைக்குள் புகப்போன நண்டைத் தடித்த கறுப்பு அலகால் கவ்வி, கால்கள் உதிரும் வரை உதறி, பின்னர் உடலை விழுங்கும். அரபிக் கரைகளின் மணலில் வளை தோண்டி முட்டையிடும் அந்தப் பறவையை இந்திய நிலப்பரப்பில் எளிதாகக் காணக்கூடிய இடங்கள் மிகச் சில. குதிரைமலைக் கோட்டான், பட்டைவால் மூக்கன், கல்திருப்பி உள்ளான், உப்புக்கொத்தி வகைகள், ஆலாக்கள் எல்லாம் இங்கேதான் இழந்த கொழுப்பை ஈட்டுகின்றன. பல இனங்கள் இதே வாரங்களில் பறக்கும் இறகுகளையும் மாற்றிக்கொள்கின்றன. இறகு முளைக்கும் வேளையில் ஒருமுறை விரட்டி எழுப்பினால், காலை முழுவதும் தின்று சேர்த்த வலுவில் ஒரு பங்கு வீணாகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் ஏறும்போது அவை கூடி நிற்க மிஞ்சும் திட்டோ மிகக் குறுகலானது.

அந்தத் திட்டுகளில்தான் இன்று வாகனங்கள் ஏறுகின்றன. 2017-ல் தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்ட பின்னர் பயணிகள் வருகை பெருகியதில் எங்களுக்கு வருத்தம் இல்லை. அதனால் எங்கள் ஊர்க் குடும்பங்கள் பல பிழைக்கின்றன. சாலையை விட்டு மணலில் வண்டியை இறக்கி ஓட்டுவதும், கூட்டத்தை எழுப்பிப் படம் பிடிப்பதற்காகவே அதன் நடுவே ஓடுவதும், ட்ரோன் பறக்கவிடுவதுமே எங்களை வதைப்பவை. 2025 ஜூனில் தனுஷ்கோடியில் ஐந்நூறு ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பைப் பெரிய பூநாரைகள் சரணாலயமாக அரசு அறிவித்ததை நன்றியோடு வரவேற்றோம். அந்த அறிவிப்பின் பயன் பூநாரையோடு நின்றுவிடாமல், அதே சேற்றில் மேயும் சின்னஞ்சிறு உள்ளானுக்கும் எட்ட வேண்டும் என்பதே எங்கள் ஆசை.

ஆகவே முதன்மையாக வேண்டுவது ஒரு பதிவேடு. முகுந்தராயர் சத்திரம் பகுதியிலும், மண்டபத்திலும், வாலிநோக்கத்திலும் துறையினர் வசதியாகக் கருதும் இடங்களில் ஆகஸ்ட் தொடங்கி நவம்பர் முடிய ஒரு பதிவேடு வைக்கப்பட வேண்டும். நாள், நேரம், இடம், நீர் ஏற்றமா வற்றமா, காற்றின் திசை, பறவையின் பெயர், எண்ணிக்கை, பார்த்தவர் பெயர் ஆகியவையே அதில் இருந்தால் போதும். பெயர் தெரியாத பறவையைத் தெரிந்த அளவுக்கு வருணித்து எழுதவும் இடம் இருக்க வேண்டும். ஏனெனில் கரைவலைக்காரர் ஒருவர் விடியலில் காண்பதைப் போல எங்களில் எவரும் காண்பதில்லை, ஆனால் அவர் புத்தகப் பெயர் சொல்லமாட்டார். காற்று எந்த நாளில் கச்சானிலிருந்து வாடைக்குத் திரும்பியது என்பதை அவரைக் காட்டிலும் துல்லியமாகச் சொல்பவரும் இல்லை. வாரம் ஒருமுறை வனப் பணியாளர் ஒருவர் அதைப் பார்வையிட்டு ஒப்பமிட்டால், எங்கள் குறிப்புகளுக்கு ஓர் ஆவணத்தின் தகுதி கிடைக்கும்.

இப்பதிவேட்டில் காலில் வளையமோ வண்ணக் கொடியோ கட்டப்பட்ட பறவைகளுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கக் கோருகிறோம். கோடியக்கரையில் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருவது தாங்கள் அறிந்ததே. கேரளத்துச் சாவக்காட்டுக் கடற்கரையில் ஒருவர் எடுத்த படத்தில் இருந்த கால் அடையாளத்தைக் கொண்டு, கிரேட் நாட் எனப்படும் பெரிய உள்ளான் ஒன்று ரஷ்யாவின் கம்சட்காவிலிருந்து வந்தது என்று கண்டறிய முடிந்தது. உலக அளவில் அருகிவரும் இனமாகப் பட்டியலிடப்பட்ட அந்தப் பறவை எங்கள் கரைக்கும் வருவதுண்டு. கொடியின் நிறத்தையும் எழுத்தையும் பார்த்தவர் உடனே எழுதி வைக்க ஓர் இடமும், அதை உரியவர்களுக்கு அனுப்ப ஒரு பொறுப்பாளரும் இருந்தால், இங்கும் அத்தகைய விவரங்கள் தவறிப்போகாது.

தகவலைப் பகிர்வதில் ஓர் எச்சரிக்கையும் தேவை என்பது எங்கள் உறுதியான கருத்து. பறவைக் கூட்டம் தங்கும் திட்டின் சரியான இடம் வெளியே பரவினால், மறுநாளே அங்கே கேமராக்களோடு கூட்டம் கூடிவிடும். எனவே இனமும் எண்ணிக்கையும் எல்லோரும் பார்க்கும்படி இருக்கட்டும். நீர் ஏறும்போது பறவைகள் ஒதுங்கும் இடங்கள் மட்டும் துறையின் கையில் இருக்கட்டும். இதை நாங்கள் எங்களுக்குள் ஏற்கெனவே கடைப்பிடித்து வருகிறோம்.

இம்மாதங்களில் கோதண்டராமர் கோயில் பிரிவு முதல் அரிச்சல்முனை வரை சாலையை விட்டு வண்டி இறங்காதவாறு கல் நட்டுத் தடுப்பதும், தமிழில் எளிய அறிவிப்புப் பலகைகள் வைப்பதும், அனுமதியற்ற ட்ரோன்களைத் தடுப்பதும் தங்கள் உத்தரவால் விரைவில் ஆகக்கூடியவை. பொழுது புலரும் வேளையில் எண்ணிக்கை எடுக்கச் செல்லும் தன்னார்வலர்களுக்கு அடையாள அட்டை வழங்கினால் சோதனைச் சாவடியில் ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்ல நேராது. உப்பள வரப்புகளில் நின்று பார்க்கவும் உரிய நிர்வாகத்துக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டுகிறோம். தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் நாங்கள் கால் வைக்கக் கோரவில்லை. துறைப் படகு ரோந்து செல்லும் நாட்களில் மணலி, முயல் தீவுப் பக்கமாகப் படகிலிருந்தே எண்ணுவதற்கு ஒருவரை உடன் அழைத்துச் சென்றால் போதும்.

வலசை உயிரினங்களைக் காக்கும் பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியா 1983 முதல் உறுப்பினர். அதன் 13-வது மாநாட்டை 2020-ல் காந்திநகரில் நடத்திய நாடு. முப்பது நாடுகளைத் தொட்டுச் செல்லும் பறவைகளின் வலசைப் பாதையான மத்திய ஆசிய வான்வழியில் இராமநாதபுரம் கடலோரம் ஒரு முக்கியத் தங்குமிடம். இங்கு பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், எழுதுபவர்களும் இருக்கிறார்கள். வாங்கி வைக்க ஒரு ஏற்பாடுதான் வேண்டும்.

ஆவணி பிறக்குமுன் எங்கள் பிரதிநிதிகளையும், மீனவக் கிராமத் தலைவர்களையும், வனச்சரகப் பணியாளர்களையும் ஒருசேர அழைத்து ஒரு கூட்டம் நடத்தி, பதிவேடு வைக்கும் இடங்களையும் பொறுப்பாளர்களையும் முடிவு செய்து உதவுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இராமநாதபுரம் கடலோரப் பறவை நோக்கர்கள்

இடம்: இராமேசுவரம்

இணைப்பு: கையொப்பப் பட்டியல், பதிவேட்டின் மாதிரிப் படிவம்.
நகல்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், இராமநாதபுரம்.