மாத்திரை ஆரம்பித்த தேதி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இதய நோயாளிகளின் உணவுமுறை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை என் வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். உப்பு, எண்ணெய், நடைப்பயிற்சி என்று எல்லாம் விவரமாக இருந்தது. மாத்திரைக்கு மட்டும் ‘வேளை தவறாமல் சாப்பிடுங்கள்’ என்று ஒரே வரி. அந்த விஷயத்தில் நாங்கள் பட்ட பாட்டை எழுதினால் நாலு வீட்டுக்கு உதவும் என்றுதான் இந்தக் கடிதம்.

எங்கள் ஊர் பாபநாசம் பக்கம், குடமுருட்டிக் கரை. அவருக்கு வயது 71. சர்க்கரை ரொம்ப வருஷமாக உண்டு. போன வருஷம் மாசியில் மாரடைப்பு வந்து, அடைத்த ரத்தக் குழாயைத் திறந்து வைக்கிற ஸ்டென்ட் என்ற சின்னக் குழலை வைத்தார்கள். ஆவணிக் கடைசியில் உடம்பெல்லாம் அரிப்பு ஆரம்பித்தது. ராத்திரி தூங்கவே மாட்டார். வேப்பிலை அரைத்துப் பூசினேன், தேங்காயெண்ணெய் தடவினேன், கேட்கவில்லை. புரட்டாசியில் குறுவை அறுத்து நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டினோம். நான் சொல்லச் சொல்லக் கேட்காமல், எடை போடும்வரை ஐந்து ராத்திரி அங்கேயே லைட்டுக்கு அடியில் காவல் படுத்தார். திரும்பி வந்து வேட்டியை விலக்கிக் காட்டினபோது எனக்குக் கை கால் ஓடவில்லை. இரண்டு தொடையிலும் அடிவயிற்றிலும் கொப்புளங்கள். கோலிக்குண்டு அளவு, உள்ளே தெளிந்த தண்ணீர், தொட்டால் உடையாமல் விண்ணென்று நின்றன.

நெல் வயலில் ஒரு பூச்சி உண்டு, உடம்பில் பட்டு நசுங்கினால் தோல் வெந்துபோகும். மழை விட்ட ராத்திரிகளில் லைட்டைத் தேடி வரும். அதுதான் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். நானும் நம்பினேன். ஆனால் அந்தப் பூச்சி பட்டால் பட்ட இடத்தில்தான் கோடு இழுத்த மாதிரி எரியும், அதுவும் கழுத்து, கை, முகம் போன்ற இடங்களில். துணிக்குள் இருக்கிற அடிவயிற்றில் எப்படி வந்தது என்று அன்றைக்கு யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அடுத்து அக்கி என்றார்கள். பக்கத்து ஊரில் காவி குழைத்து அக்கி எழுதுகிற பெரியவரிடம் கூட்டிப் போனேன். அவர் இரண்டு தொடையையும் பார்த்துவிட்டு மயிலிறகைக் கீழே வைத்துவிட்டார். “அக்கி ஒரு பக்கமாத்தாம்மா ஓடும். இது ரெண்டு பக்கமும் இருக்கு. நான் எழுத மாட்டேன், ஆஸ்பத்திரிக்கு அழைச்சிட்டுப் போங்க” என்றார். காசும் வாங்கவில்லை. அந்தப் பெரியவரை நினைத்தால் இன்றைக்கும் கை கூப்பத் தோன்றுகிறது. அதற்கப்புறம் போன ஒரு கிளினிக்கில் ‘அலர்ஜி’ என்று ஊசி போட்டு அனுப்பினார்களே தவிர, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகு நடந்ததுதான் பெரிய தப்பு. கொழுந்தனார் வந்து, “இத்தனை இங்கிலீஷ் மாத்திரை சாப்பிட்டா உஷ்ணம் இப்படித்தான் கொப்பளிக்கும், எல்லாத்தையும் நிறுத்துங்கண்ணே” என்றார். பாசத்தில் சொன்னதுதான். இவர் ஆறு நாள் ஒன்றையுமே தொடவில்லை. ஏழாம் நாள் ராத்திரி படுக்க முடியாமல் மூச்சு வாங்கி, கட்டிலில் உட்கார்ந்தபடியே விடிந்தது. அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் என்னைத்தான் திட்டினார், திட்டட்டும். உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றுகிற நீர் மாத்திரையை நிறுத்தியதில் நுரையீரலில் நீர் கோத்திருந்தது. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற இரண்டு மாத்திரைகளை, மாரடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர்கள் வழக்கமாக ஒரு வருஷம் விடாமல் சாப்பிட வேண்டும். நடுவில் விட்டால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் கட்டி மறுபடி மாரடைப்பு வரலாம். எங்களுக்கு அது நடக்காமல் போனது தெய்வாதீனம்.

அங்கேதான் தோல் டாக்டர் வந்து பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, “எந்த மாத்திரை எப்ப ஆரம்பிச்சது?” மஞ்சப்பையைக் கட்டிலில் கவிழ்த்தேன். பதினொரு வகை மாத்திரை. இதய டாக்டர் எழுதியது சில, சர்க்கரை டாக்டர் எழுதியது சில, உள்ளூரில் வாங்கியது சில. பாதி அட்டைகளில் பேரே இல்லை. பத்து நாளைக்கு மட்டும் கேட்டால் மெடிக்கலில் அட்டையைக் கத்தரித்துத்தானே தருகிறார்கள், பேர் இருக்கிற பக்கம் கடையிலேயே தங்கிவிடுகிறது. தேதி கேட்டதற்கு நான் முழித்தேன்.

கடைசியில் காப்பாற்றியது பால் கணக்கு. தினமும் எத்தனை லிட்டர் ஊற்றினோம் என்று மாதக் காலண்டரில் குறித்து வைப்பேன். பழைய காலண்டரை எறியாமல் புதிதுக்குப் பின்னாலேயே மாட்டியிருந்தேன். மகனைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். முந்தின வருஷம் ஐப்பசியில் பால் கணக்குக்குக் கீழே ‘புது சுகர் மாத்திரை’ என்று என் கையெழுத்து. புதுக் காலண்டரில் வைகாசியில் ‘நீர் மாத்திரை சேர்த்தது’. டாக்டர் அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தார்.

கொப்புளத்தின் ஓரத்தில் ஒரு துணுக்கும் பக்கத்துத் தோலில் ஒரு துணுக்கும் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புல்லஸ் பெம்ஃபிகாய்டு என்று முடிவு வந்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மேல்தோலையும் அடித்தோலையும் ஒட்டவைக்கிற இடத்தைத் தாக்குவதால் இரண்டுக்கும் நடுவில் நீர் கோத்துக்கொள்கிறதாம். பெரும்பாலும் வயதானவர்களுக்கு வருவது. கொப்புளத்துக்குச் சில வாரம், சில மாதம் முன்பே அரிப்பு தொடங்கிவிடும். தானாகவும் வரும், மருந்து தூண்டியும் வரும். கிளிப்டின் வகைச் சர்க்கரை மாத்திரைகள், குறிப்பாக வில்டாகிளிப்டின், இதைத் தூண்டலாம் என்று பல நாடுகளில் எச்சரிக்கை சேர்த்திருக்கிறார்கள். இந்தியாவில் 2019 டிசம்பரில் காப்புரிமை முடிந்ததும் விலை இறங்கிய மருந்து அது. இன்றைக்கு எங்கள் தெருவிலேயே பல வீடுகளில் இருக்கிறது. சாப்பிட ஆரம்பித்துப் பல மாதம், சமயத்தில் ஒரு வருஷத்துக்கு மேலும் கழித்துக் கொப்புளம் வருவதால் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. ஃப்யூரோசமைடு என்கிற நீர் மாத்திரை மேலும் சந்தேகம் உண்டு. ஆனால் அதை நிறுத்தினால் மூச்சே போய்விடும் என்ற நிலை. அதனால் மாற்று இருக்கிற, கிளிப்டின் வகையான அந்தப் புதுச் சர்க்கரை மாத்திரையை, சர்க்கரை டாக்டரோடு பேசி, மாற்றினார்கள். உடம்பு முழுக்க ஸ்டீராய்டு களிம்பு. துணி ஒட்டிக்கொண்டு தோல் உரியாமல் இருக்க, நர்ஸம்மா குருத்து வாழையிலை விரித்துப் படுக்க வைக்கச் சொன்னார். மார்கழியில் புதுக் கொப்புளம் நின்றது. ‘இந்த மாத்திரைதான் காரணம் என்று நூற்றுக்கு நூறு சொல்ல முடியாது’ என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். அதனால் இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாகச் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

எல்லாக் கொப்புளமும் இந்த நோய் இல்லை. இதயம் பலவீனமாகிக் கால் வீங்கினால், தோல் தாங்காமல் முழங்காலுக்குக் கீழே வெறும் நீர்க் கொப்புளமும் வரும், வீக்கம் வடிந்தால் அது அடங்கிவிடும். இதயத் துடிப்பைச் சீராக்கக் கொடுக்கிற அமியோடரோன் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வெயில் பட்ட இடம் வெந்தமாதிரி சிவந்துபோகும். ஆனால் காய்ச்சலோடு வாய்ப்புண், கண் சிவப்பு, தோலில் வலி, உரிதல் சேர்ந்து வந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. நீர் மாத்திரையால் யூரிக் அமிலம் ஏறி, அதற்கு அல்லோபியூரினால் எழுதுகிற வழக்கம் உண்டு. இப்படி உயிருக்கு ஆபத்தான தோல் பாதிப்பை உண்டாக்கும் மருந்துகளில் அதுவும் ஒன்று, பெரும்பாலும் ஆரம்பித்த முதல் இரண்டு மாதத்துக்குள். இங்கேயும் தேதிதான் பேசுகிறது.

மருந்தின் பக்கவிளைவைப் பதிவு செய்ய இந்தியாவில் 2010 முதல் ஒரு திட்டம் நடக்கிறது என்பதே ஆஸ்பத்திரியில் இருந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் அதை நடத்துகிறது. பல மருத்துவக் கல்லூரிகளில் மையம் இருக்கிறது. நோயாளியோ வீட்டாரோ நேரடியாகவே தெரிவிக்கலாம், தமிழிலும் படிவம் உண்டு, பேரை வெளியில் விட மாட்டார்கள். மருந்துதான் காரணம் என்று நாம் நிரூபிக்க வேண்டியதில்லை, சந்தேகம் போதும். கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024. இந்த எண்ணை உங்கள் இதழில் மாதம் ஒருமுறையாவது கட்டம் கட்டிப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சுகாதாரத் துறைக்கும் ஒரு வேண்டுகோள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு தேடி வந்து சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொடுக்கிற பெண்கள் எங்கள் ஊருக்கும் வருகிறார்கள். மருந்தின் பேர், ஆரம்பித்த தேதி, நிறுத்திய தேதி மூன்றையும் எழுத ஒரு சின்ன நோட்டு அவர்கள் கையால் எல்லா வீட்டுக்கும் வரட்டும். வரும்போதே ‘அரிப்பு, கொப்புளம் ஏதும் உண்டா?’ என்று ஒரு கேள்வியும் கேட்கட்டும். மெடிக்கல்காரர்கள் அட்டையைக் கத்தரித்தால், கொடுக்கிற உறையின் மேல் மருந்தின் பேரைத் தமிழில் எழுதித் தரட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்