போ பிஷெட் போய்விட்டான், சரி, அதோடு எல்லாமே போய்விட்டதா மச்சான்?

மச்சான்,

எங்கள் ரொறன்ரோ ப்ளூ ஜேஸ் 2025 வேர்ல்ட் சீரிஸ் கோப்பையை டொட்ஜர்ஸிடம் கோட்டைவிட்ட அந்த நவம்பர் 1ஆம் தேதி இரவுக்குப் பிறகு நீ பேஸ்போல் பற்றி வாயே திறப்பதில்லை. துக்கம், விளங்குது, ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எங்கள் நட்சத்திர ஆட்டக்காரன் போ பிஷெட் நியூயோர்க் மெட்ஸ் அணிக்குப் போன செய்தி வந்த அன்று "இனி இந்த டீம் அவ்வளவுதான், இன்னும் 32 வருசம் இருங்கோ" என்று, 1993இல் கடைசியாகக் கோப்பை வென்றதிலிருந்து கணக்குப் பார்த்து, ஒரு வரியைப் போட்டுவிட்டு மறைந்தாய் பார், அதற்குத்தான் இந்தக் கடிதம். நேரில் சொன்னால் இடையில் புகுந்து கத்துவாய். இங்கே எல்லாரும் பார்க்கப் போடுவதற்கும் காரணம் இருக்கிறது, ஸ்காபரோவில் இன்னும் பாதிச் சனம் உன்னைப் போலவே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் திரியுது.

முதலில் வேர்ல்ட் சீரிஸின் அந்தக் கடைசி, ஏழாவது ஆட்டத்தைப் பேசித் தீர்த்துவிடுவோம். ஒன்பதாவது இன்னிங்ஸ், 4-3 என்று முன்னால் நிற்கிறோம், இன்னும் இரண்டே இரண்டு அவுட். எங்கள் ஜெஃப் ஹொஃப்மன் போட்ட பந்தை டொட்ஜர்ஸின் மிகெல் ரொஹாஸ் இடது பக்கச் சுவருக்கு மேலால் அனுப்பினான். அவர்களின் பெரிய அடிகாரன் ஒஹ்டானி அடித்திருந்தால் விதி என்று விட்டிருக்கலாம், ஃப்ரீமன் அடித்திருந்தாலும் சரி, போயும் போயும் ரொஹாஸ்! அதன் பிறகு எங்கள் முறை, மூன்று பேஸிலும் ஆள், ஒரு அவுட், டோல்டன் வார்ஷோ தரையில் அடித்த பந்தை அதே ரொஹாஸ் தடுமாறிப் பிடித்து ஹோமுக்கு எறிய, மூன்றாவது பேஸிலிருந்து ஓடிய எங்கள் கைனர்-ஃபலேஃபா சறுக்கி வந்து ஒரு மயிரிழையில் அவுட். திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார்கள், ஹோமில் பந்தைப் பிடித்த வில் ஸ்மித்தின் கால் பிளேட்டை விட்டுத் தூக்கி மறுபடி அதில் பட்டதற்கும் இவன் கால் வந்ததற்கும் இடையில் இருந்தது ஒரு கண் சிமிட்டல்தான்.

மூன்றாவது பேஸை விட்டு இன்னும் இரண்டடி தள்ளி நின்றிருந்தால் கோப்பை எங்களுடையது என்று நீயும் கத்தினாய், நாடே கத்தியது. ஆனால் முதல் நாள் ஆறாவது ஆட்டம் எப்படி முடிந்தது என்று நினைத்துப் பார். எங்கள் ஹிமேனெஸ் அடித்த தாழ்ந்த பந்தை கிகே ஹெர்னாண்டஸ் ஓடி வந்து பிடித்து இரண்டாவது பேஸுக்கு எறிய, அங்கே பேஸை விட்டுத் தள்ளி நின்ற எங்கள் பார்ஜர் அகப்பட்டான், ஆட்டம் அந்த இடத்திலேயே முடிந்தது. இருபத்திநாலு மணித்தியாலத்துக்கு முன்னால் அதைக் கண்ணால் பார்த்த ஒருவன் பேஸோடு ஒட்டி நிற்கத்தான் செய்வான், நிற்கச் சொல்லித்தான் கோச்மாரும் சொல்லியிருப்பார்கள். கைனர்-ஃபலேஃபாவைத் திட்டுவதை இனி விடு. பிறகு பதினோராவதில் ஸ்மித்தின் ஹோம் ரன், எங்கள் கேர்க்கின் மட்டை உடைந்த டபிள் பிளே (ஒரே பந்தில் இரண்டு அவுட்), 5-4. முடிந்தது. இதற்கு மேல் அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

இப்போது நீ சொன்னதற்கு வருகிறேன். உன் கணக்கு மிகவும் சுலபமானது: போ போய்விட்டான், எடுக்கப் பார்த்த கைல் டக்கர் வரவில்லை, ஆகவே அணி கீழே போகும். என் கணக்கு வேறு. 2024இல் 74 வெற்றி, 88 தோல்வி, எங்கள் ஐந்து அணி டிவிஷனில் கடைசி இடம். அடுத்த வருடம் 94 வெற்றி, டிவிஷனில் முதலிடம், அமெரிக்கன் லீக் பட்டம். இடையில் பெரிய பணம் கொடுத்து எடுத்த சான்டண்டேர் தோள் காயத்தோடு சீசனின் பெரும்பகுதியை வெளியில் கழித்தான், ஆகவே அது காசு கொடுத்து வாங்கிய வெற்றி இல்லை. பந்தைத் தவற விடாமல் மட்டையில் படுத்தினார்கள், அவ்வளவுதான். அணியின் அடிக்கும் சராசரி .265, மேஜர் லீக்கில் வேறு எந்த அணிக்கும் அவ்வளவு இல்லை. எல்லாரும் ஹோம் ரன்னுக்காக வீசி வீசி ஸ்ட்ரைக் அவுட் ஆகிற காலத்தில் இவர்கள் பழைய காலத்துப் பேஸ்போல் ஆடினார்கள். எர்னி கிளெமென்ட்டைப் பார், ஒரு போஸ்ட்சீசனில் (சீசன் முடிந்த பிறகு நடக்கும் கோப்பைச் சுற்றுகளில்) 30 ஹிட், இதுவரை யாரும் செய்யாதது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவன் பெயரை இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

சசாகி கதையை மறந்துவிட்டாயா? 2025 ஜனவரியில் ஜப்பான் பிட்சர் (பந்து வீசுபவன்) ரொக்கி சசாகிக்குக் கொடுக்கக் கொஞ்சம் வெளிநாட்டு ஒப்பந்தப் பணம் தேவை என்று கிளீவ்லண்டிடம் மைல்ஸ் ஸ்ட்ரோவையும் அவனுடைய சம்பளப் பாரத்தையும் சேர்த்து வாங்கினார்கள். சசாகி டொட்ஜர்ஸுக்குப் போய்விட்டான், ஸ்ட்ரோ மட்டும் எங்கள் தலையில். நாங்கள் எவ்வளவு பகிடி பண்ணினோம்! அந்த ஸ்ட்ரோதான் பிறகு வெளிக்களத்தில் ஓடி ஓடிப் பந்து பிடித்தான்.

ஆகவே டக்கர் 4 வருடம், 240 மில்லியன் டொலர் என்று டொட்ஜர்ஸுக்குப் போனதற்காக நான் தலையில் கை வைக்கவில்லை. கோபம் வரத்தான் செய்தது, அதுவும் டொட்ஜர்ஸ், அதுவும் மறுபடி. 2023 டிசம்பரில் ஒஹ்டானி வருகிறான் என்று நாங்கள் எல்லாம் ஒரு தனியார் விமானத்தை வரைபடத்தில் பார்த்துக்கொண்டிருந்தோமே, அதிலிருந்து கடைசியில் இறங்கியது யாரோ ஒரு தொழிலதிபர், அந்தக் கூத்துக்குப் பிறகு குளிர்காலம் என்றாலே எனக்கு எந்த எதிர்பார்ப்பும் இல்லை. சோட்டோ, சசாகி, டக்கர் என்று கடைசி வரிசை வரைக்கும் போய் வெறுங்கையோடு திரும்புவது எங்களுக்குப் பழகிவிட்டது. வராதவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு அணியை எடை போட்டால் 2025இலும் நாங்கள் உருப்பட்டிருக்கக் கூடாது.

போ விஷயம் வேறு. அங்கே நீ சொல்வதில் பாதி சரி. விளாடியும் (எங்கள் விளாடிமிர் கெரேரோ ஜூனியர்) அவனும் மைனர் லீக்கிலிருந்தே ஒன்றாக வளர்ந்தவர்கள், இருவரும் 2019இல் மேலே வந்தவர்கள், போன வருடம் .311 அடித்தவன். முழங்கால் சரியில்லாமல் செப்டம்பரிலிருந்து வெளியில் இருந்துவிட்டு, வேர்ல்ட் சீரிஸுக்கு வந்து, மேஜர் லீக்கில் ஆடியே பழக்கமில்லாத இரண்டாவது பேஸில் நின்று, நொண்டிக்கொண்டே ஓடி, ஏழாவது ஆட்டத்தில் ஒஹ்டானியின் பந்தை மூன்று ஓட்ட ஹோம் ரன்னாக அடித்தான். கோப்பை கிடைத்திருந்தால் அந்த அடிக்கு ரொறன்ரோவில் சிலை வைத்திருப்பார்கள். 3 வருடம், 126 மில்லியன் என்று மெட்ஸ் கொடுத்ததை இவர்களும் கொடுத்திருக்கலாம் என்றுதான் நான் நினைக்கிறேன், அதுவும் பிட்சர் டிலன் சீஸுக்கு அத்தனை பணத்தை இறக்கிய வருடத்தில். ஜெனரல் மனேஜர் ரொஸ் அட்கின்ஸ் இதற்கு என்ன விளக்கம் சொன்னாலும் என் மனம் ஆறாது.

ஆனால் ஷோர்ட்ஸ்டொப்பில் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில்) போவின் கால் மெதுவாகிக்கொண்டு வந்ததை நீயும் பார்த்தாய்தானே. இப்போது அந்த இடத்துக்கு ஹிமேனெஸ் வருகிறான், இரண்டாவது பேஸில் கிளெமென்ட். வலைபோல இருக்கும் அந்த நடுப்பகுதி. அடிப்பதில் இழப்பதைப் பிடிப்பதில் எவ்வளவு மீட்கலாம் என்பதுதான் கேள்வி, முழுக்க மீட்க முடியாது, ஓரளவுக்கு முடியும்.

அப்புறம் பந்து வீச்சு. இதைத்தான் நீ காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. டிலன் சீஸுக்கு 7 வருடம், 210 மில்லியன். 4.55 ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுக்கும் ஓட்டச் சராசரி, குறைந்தால் நல்லது) வைத்தவனுக்கு இவ்வளவா என்று கேட்டாய். நியாயமான கேள்வி. ஆனால் 2021 முதல் ஒவ்வொரு வருடமும் 200க்கு மேல் ஸ்ட்ரைக் அவுட் எடுத்திருக்கிறான், ஐந்து வருடமாக எப்போது கூப்பிட்டாலும் வந்து பந்து போட்டிருக்கிறான். முழங்கைச் சத்திரசிகிச்சை இல்லாத பிட்சரைத் தேடிப் பிடிக்க வேண்டிய காலத்தில் அது சின்ன விஷயம் இல்லை. அவனுக்குப் பின்னால் நல்ல ஃபீல்டிங் இருந்தால் என்ன ஆகும் என்று பார்க்க எனக்கே ஆசையாக இருக்கிறது.

பிட்சர் ஷேன் பீபர் இன்னொரு வருடத்துக்கான 16 மில்லியன் ஒப்ஷனை எடுத்துக்கொண்டு இருந்துவிட்டான், வெளியே போயிருந்தால் கூடக் கிடைத்திருக்கும், அதுவே இந்த அணியைப் பற்றி ஏதோ சொல்கிறது. கொரியாவில் 17 வெற்றி, ஒரே ஒரு தோல்வி, 252 ஸ்ட்ரைக் அவுட் என்று எம்விபி (சிறந்த ஆட்டக்காரர்) விருது வாங்கிய கோடி பொன்ஸ் 3 வருடத்துக்கு வந்திருக்கிறான். கொரியாவில் கிழித்தவன் இங்கே கிழிப்பான் என்று உத்தரவாதம் கிடையாது, ஆனால் 30 மில்லியனுக்கு அந்தச் சூதாட்டம் பரவாயில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது புதிதாக எடுத்த பிட்சர் டைலர் ரொஜர்ஸ்தான். (ரொஜர்ஸ் கம்பனியின் அணிக்கு, ரொஜர்ஸ் சென்ரரில் ஆட, ஒரு ரொஜர்ஸ். இதற்காகவே எடுத்திருப்பார்களோ என்னவோ.) நீ அவன் போடுவதைக் கவனித்துப் பார்த்ததில்லை என்றால் யூடியூபில் போய்ப் பார். மலிங்காவின் கையை இன்னும் மூன்றடி கீழே இறக்கினால் எப்படி இருக்கும், அப்படி. இடுப்பு மடிந்து, கை நிலத்தை உரசுகிற மாதிரி வந்து, பந்து கீழிருந்து மேலே எழும்பி வரும், வேகமோ எண்பத்துச் சொச்சம் மைல்தான். மற்றவர்கள் எல்லாம் நூறு மைலைத் தொடப் பார்க்கிற காலத்தில் இவன் போன வருடம் இரண்டுக்கும் குறைவான ஈஆர்ஏ வைத்திருந்தான். இவனுக்கு நேர் எதிர் எங்கள் இளம் பிட்சர் ட்ரே யெசாவேஜ், அவன் கை தலைக்கு நேர் மேலிருந்து வரும். ஒரே ஆட்டத்தில் யெசாவேஜின் ஸ்பிளிட்டரை (கடைசியில் திடீரென்று கீழே விழும் பந்து) பார்த்துப் பழகிய ஹிட்டருக்கு ஏழாவது இன்னிங்ஸில் ரொஜர்ஸ் வந்து நின்றால் அவன் பாடு என்ன?

யெசாவேஜ் பற்றித் தனியாகவே எழுதலாம். போன ஏப்ரலில் புளோரிடா டனீடனில் சிங்கிள்-ஏ (மைனர் லீக்கின் கீழ்ப்படி), அக்டோபரில் டொட்ஜர் ஸ்டேடியத்தில் ஐந்தாவது ஆட்டம், 12 ஸ்ட்ரைக் அவுட், ஒரு வோக் (அடிகாரனைச் சும்மா முதல் பேஸுக்கு விடுவது) கூட இல்லை. 22 வயதில். ஆனால் அவனைப் பார்த்துத்தான் எனக்குப் பயமும். மைனரில் நாலு படி ஏறி, மேலே வந்து, நவம்பர் வரைக்கும் அந்தக் கையால் போட்டவன், இந்த வருடம் அவனைப் பொத்திப் பொத்தி வைத்து ஆட விடவேண்டும். கோஸ்மன், சீஸ், பீபர், பொன்ஸ், பெரியோஸ் என்று இத்தனை பேரைச் சேர்த்து வைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மனேஜர் ஜோன் ஷ்னைடர் அவசரப்படாமல் இருந்தால் சரி.

கஸுமா ஒகமோட்டோ, மூன்றாவது பேஸ், 4 வருடம், 60 மில்லியன். யோமியூரி ஜயன்ட்ஸுக்கு ஆடி ஜப்பானில் 248 ஹோம் ரன் அடித்தவன், 2023 வேர்ல்ட் பேஸ்போல் கிளாசிக் (நாடுகளுக்கு இடையிலான போட்டி) இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவுக்கு எதிராகவும் ஒன்று. எல்லா அணிகளின் சின்னங்களையும் மகளுக்குக் காட்டினானாம், அவள் ப்ளூ ஜேஸைத்தான் கையைக் காட்டினாளாம். டக்கருக்கும் ஒரு சின்னப் பிள்ளையைப் பிடித்து இந்த வேலையைச் செய்திருக்கலாம்.

எனக்குக் கவலையே இல்லை என்று நினைக்காதே. எங்கள் அடிகாரன் ஸ்பிரிங்கருக்கு 36 வயது, போன வருடம் .309, 32 ஹோம் ரன். அமெரிக்கன் லீக் இறுதியில் சியாட்டிலுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் அவன் அடித்த அந்த அடிக்கு நீ அயலவர் கதவைத் தட்டும்வரை கத்தினாய். அதை மறுபடி எதிர்பார்ப்பது பேராசை. அவனுக்கும் கோஸ்மனுக்கும் வார்ஷோவுக்கும் இது ஒப்பந்தத்தின் கடைசி வருடம், ஆகவே இந்த அணியை இப்படியே பார்ப்பது இந்த ஒரு சீசன்தான். ஒன்பதாவது இன்னிங்ஸில் ஹொஃப்மன் நடந்து வரும்போது ரொஹாஸை நினைக்காமல் இருக்க என்னால் முடியாது, அவனால் முடியுமா என்பதும் தெரியவில்லை. டிவிஷனிலும் யாரும் சும்மா இருக்கவில்லை: பால்ரிமோர் பீட் அலொன்ஸோவை எடுத்துவிட்டது, பொஸ்ரன் ரேஞ்சர் சுவாரெஸை, யாங்கீஸ் பெல்லிஞ்சரை விடாமல் பிடித்து வைத்துவிட்டது. தொண்ணூறுக்கு மேல் வெல்வோம் என்று சொல்வேன், டிவிஷன் எங்களுக்குத்தான் என்று சத்தியம் பண்ண மாட்டேன்.

ஆனால் விளாடி இருக்கிறான் மச்சான். 14 வருடம், 500 மில்லியன், அந்த ஒப்பந்தம் இந்த 2026இல்தான் தொடங்குகிறது. போன வருடம் ஏப்ரலில் அது வந்தபோது "போஸ்ட்சீசனில் என்ன செய்து கிழித்தான் இவன்" என்று கேட்டவர்களில் நீயும் ஒருவன். அக்டோபரில் எட்டு ஹோம் ரன் அடித்துக் காட்டினான். அவனுக்கு முன்னாலும் பின்னாலும் யார் நிற்பது என்பதுதான் இனிக் கேள்வி, போ இல்லாத அந்த ஓட்டை அங்கேதான் தெரியும். ஒகமோட்டோவும் பார்ஜரும் கேர்க்கும் சேர்ந்து அடைப்பார்களா என்று மே மாதம் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

பெப்ரவரி நடுவில் டனீடனில் பிட்சர்மார் கூடிவிடுவார்கள், மார்ச்சில் வேர்ல்ட் பேஸ்போல் கிளாசிக் வேறு. ஏப்ரல் தொடக்கத்தில் டொட்ஜர்ஸ் ரொறன்ரோவுக்கு வருகிறார்கள். டிக்கெட் யானை விலை குதிரை விலை விற்கிறது, ஆனாலும் ஐந்நூறாம் மட்டத்தில் மேலே எங்காவது கிடைக்கும். கெனடி ஸ்டேஷனில் காரை விட்டுவிட்டுச் சப்வேயில் போகலாம். ரொஹாஸ் வந்து நிற்கும்போது கத்துவதற்கு எனக்கு ஓர் ஆள் வேணும், என் தொண்டை ஒன்றுக்குக் காணாது. எடுக்கவா வேண்டாமா, இந்தக் கிழமைக்குள் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்