யூரியா மூட்டையோடு உயிர் உரத்தை அடுக்காதீர்கள்

தமிழ்நாடு வேளாண்மை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். நாகை கடலோரத்தில் சம்பா போடுகிறவன் நான். 2004 சுனாமியில் உப்பேறிய நிலத்தை, மழைத்தண்ணீரைத் தேக்கி வடித்தும் பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டை மடக்கி உழுதும் மீட்ட ஊர் எங்களுடையது. காவிரித் தண்ணீர் கடைமடைக்கு வராத வருஷங்களில் அந்த உப்பு மறுபடி மேலே வருகிறது.

இதற்கு உயிர் உரமாகத் தரப்படும் மண் பாக்டீரியா ஓரளவு கைகொடுக்கும் என்பது உங்கள் துறைக்குத் தெரியாததல்ல. உப்போ வறட்சியோ தாக்கினால் பயிரில் எத்திலீன் என்ற வாயு கூடும். வேர் ஓடாமல் நின்றுவிடும். சூடோமோனாஸ் என்ற மண் பாக்டீரியாவில் சில வகைகள், எத்திலீனாக மாற வேண்டிய மூலப்பொருளையே உடைத்துத் தின்றுவிடுகின்றன. வேர் தொடர்ந்து இறங்கும். கோவை வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்படியொரு வகை நிலக்கடலையின் உப்புத் தாங்கும் திறனைக் கூட்டுவதை 2007-லேயே வெளியிட்டார்கள். ஆனால் எல்லா சூடோமோனாஸுக்கும் இந்தக் குணம் கிடையாது. எங்களுக்கு வரும் உயிர் உரப் பொட்டலத்தில் இருப்பது எந்த வகை?

அதுகூட அப்புறம். முதலில் உள்ளே இருப்பது உயிரோடு இருக்கிறதா? தூள் உயிர் உரத்தில் கிராமுக்கு 5 கோடி உயிரணுக்கள் இருக்க வேண்டும் என்கிறது உரக் கட்டுப்பாட்டு ஆணை. நான் பொட்டலம் வாங்கிய இடத்தில், சித்திரை வெயிலில், தகரக் கூரைக்கடியில் யூரியா மூட்டைமேல் அடுக்கி வைத்திருந்தார்கள். ஆறிய வடிகஞ்சியில் கலந்து, விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி விதைக்கச் சொல்கிறீர்கள். சரி, செய்கிறோம். நாங்கள் விதைக்கு நிழல் தேடுகிறோம்; உயிர் உரத்துக்கோ விற்கிற இடத்தில் நிழல் இல்லையே!

ஆகவே ஆலையில் எடுக்கும் மாதிரியோடு நிறுத்தாமல், விற்பனை அலமாரியிலிருந்தும் எடுத்து உயிரணுக்களை எண்ணிப் பாருங்கள். பொட்டலத்தில் வகையின் பெயரை அச்சிடுங்கள். கடலோர வட்டாரங்களுக்காவது உப்பில் சோதித்த வகையை, நாற்றங்கால் விடுவதற்கு முன்பே அனுப்புங்கள். நடவு முடிந்த பிறகு வந்தால் விதைநேர்த்தி எப்படிச் செய்வது? உயிர் உரத்தைப் போட்டால் வடிகாலும் ஜிப்சமும் வேண்டாம் என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. களர் களர்தான்.

ஒரே வயலில் பாதிக்குப் போட்டு, பாதியைச் சும்மா விட்டு, இரண்டு அறுவடையையும் தனித்தனியாக எடை போட்டுப் பார்க்க ஆள் அனுப்பினால் என் நிலத்திலேயே இடம் தருகிறேன். ஆவணிக்குள் தகவல் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கடைமடை விவசாயி ஒருவன்