21 இலக்க எண்ணும் நீ கேட்ட கேள்வியும்

டேய் மாப்ள,

உன் லெட்டர் வந்து ரெண்டு வாரம் ஆச்சு, உடனே பதில் போடாததுக்கு மன்னிச்சுக்கோ, அதுல நீ கேட்டிருந்த அந்த ஒரு கேள்வி மனசை விட்டு போகவே இல்ல. எதால வகுபடும்னே தெரியாம ஒரு நம்பரை பகா எண் இல்லன்னு எப்படிடா அடிச்சு சொல்றாங்கன்னு கேட்டிருந்தல்ல, படிக்கிற காலத்துல நாம இதை யார்கிட்டயும் கேக்காம விட்டுட்டோமேன்னு தான் இருந்துச்சு.

நீ எழுதின நம்பரையே எடுத்துக்குவோம். 67 ரெண்டை வரிசையா பெருக்கி 1 கழிச்சா 147573952589676412927. பிரெஞ்சு கணிதக்காரர் மெர்சென் 1644ல இதை பகா எண்ணுன்னு தன்னோட லிஸ்ட்ல போட்டுட்டார். 1876ல லூகாஸ்னு இன்னொரு கணிதக்காரர் வந்து இல்லன்னு நிரூபிச்சார், ஆனா காரணி ஒண்ணு கூட அவர் கையில கிடையாது!

அவர் வழியை பின்னாடி லெமர்னு ஒரு கணிதக்காரர் சுருக்கி குடுத்த முறைய சொல்றேன், இந்த மாதிரி ரெண்டை பெருக்கி 1 கழிச்ச நம்பருக்கு தான் இது. எத்தனை ரெண்டை பெருக்கினோமோ அது தான் அடுக்கு. 4ல ஆரம்பி, அதை அதாலயே பெருக்கு, 2 கழி, நம்ம நம்பரால வகுத்து மீதிய மட்டும் வச்சுக்கோ, திரும்ப அதையே செய். அடுக்கை விட ரெண்டு தடவை கம்மியா செஞ்சா போதும் (அடுக்கு 2ஐ தவிர்த்த பகா எண்ணா இருக்கணும்), கடைசில 0 வந்தா பகா எண், வரலன்னா கிடையாது. 31க்கு அடுக்கு 5, அதனால மூணு தடவை: 4, 14, 8, 0. பகா எண் தான். அடுத்து 2047, அடுக்கு 11. இதை பேப்பர்ல கையாலயே போட்டேன்: 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. சைபர் வரல. அவ்ளோ தான், முடிஞ்சு போச்சு, அதோட காரணிங்க 23ஐயும் 89ஐயும் நான் தேடவே இல்ல பாரு! அந்த 1736ஐ எழுதிட்டு ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு இருந்தேன்டா.

அடுக்கு 67 நம்பருக்கு காரணி கெடச்சது 1903ல தான். அமெரிக்க கணித சங்க கூட்டத்துல கோல்ங்கிற கணிதக்காரர் போர்டுகிட்ட போய் ஒரு வார்த்தை பேசாம ஒரு பக்கம் அந்த 21 இலக்க எண்ணை எழுதி, இன்னொரு பக்கம் 193707721ஐயும் 761838257287ஐயும் பெருக்கி காட்டிட்டு போய் உக்காந்தாராம், எல்லாரும் கை தட்டினாங்களாம். கண்ணை மூடிட்டு தேடவும் வேண்டியதில்ல, இதோட காரணி எதை எடுத்தாலும் 134ஆல வகுத்தா மீதி 1 தான் வரணும் (134ங்கிறது 67ஓட ரெண்டு மடங்கு). நான் சரி பாத்தேன், 134ஐ 1445580ஆல பெருக்கி 1 கூட்டினா கரெக்டா 193707721. அப்படி சலிச்சும் கூட எவ்ளோ தூரம் போகணும் பாரு, கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல.

இப்ப என்னை பிடிச்சு வச்சிருக்கிறது அடுக்கு 1277. 385 இலக்கம். பகா எண் இல்லன்னு உறுதியா தெரியும், ஆனா இவ்ளோ கம்ப்யூட்டர் வச்சு தேடியும் காரணி ஒண்ணு கூட இன்னும் யாருக்கும் மாட்டல. இருக்குன்னு மட்டும் தெரியும், 2554ஆல வகுத்தா மீதி 1 வரும்ங்கிறதும் தெரியும்.

நீ 8191ஐ போட்டு பாரு, அடுக்கு 13, அதனால பதினோரு தடவை. கால்குலேட்டர் தொடாத. கடைசி மீதி என்னன்னு அடுத்த லெட்டர்ல எழுது, முட்டி வலி எப்படி இருக்குன்னும் சேத்து எழுதுடா.