விரால் போட்டிக்குப் பெட்டி நிறைய லூர் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேரன்மகாதேவியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்து இளவட்டங்கள் வருகிற தைப் பொங்கலுக்கு உறியடி, இளவட்டக்கல்லோடு சேர்த்து விரால் தூண்டில் போட்டியும் நடத்தப் போகிறார்கள். உயிர் இரை கூடாது, லூர் என்கிற செயற்கை இரை மட்டும்தான் என்று முடிவு செய்திருக்கிறார்கள். நல்ல விஷயம். குளத்தங்கரையில் சீட்டு விளையாடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் கடைக்கு வருகிற பையன்கள் கொண்டுவரும் பெட்டிகளைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. திறந்து சீர்வரிசைத் தட்டு மாதிரி பரப்புகிறார்கள். கிராங்க்பைட், ஜெர்க்பைட், டிராப்ஷாட் சாமான், வாலில் காற்றாடி சுற்றுகிற மிதவை என்று எல்லாம் இருக்கிறது. ஒவ்வொன்றும் முந்நூறு, ஐந்நூறு ரூபாய். வீட்டில் சிலிண்டருக்குக் காசு கேட்டால் மட்டும் இல்லை. அத்தனையும் அமெரிக்காவில் பாஸ் மீன் பிடிப்பதற்காகச் செய்தவை. பெரிய வாய் பாஸ் நம் குளத்தில் கிடையாது. அதன் வாழ்க்கை வேறு, விராலின் வாழ்க்கை வேறு. போட்டி நடத்துகிறவர்களும் கலந்துகொள்கிறவர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் தங்கை மகன் டல்லாஸில் வேலை பார்க்கிறான். அதற்குக் கிழக்கே ஃபோர்க் ஏரி என்று பெரிய நீர்த்தேக்கம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அங்கேதான் கிடப்பான். 16 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் இடைப்பட்ட பாஸ் கிடைத்தால் அந்த ஏரியில் திருப்பி விட்டே ஆக வேண்டும். ‘மாமா, இங்க மீனைவிட சட்டம்தான் பெருசு’ என்பான். பாஸ் போட்டி பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவன் சொன்னது, மீதி நானே தேடிப் படித்தது.

அந்தப் போட்டிகளைப் பெரிய அளவில் ஆரம்பித்தவர் ரே ஸ்காட். 1971-ல் முதல் ‘பாஸ்மாஸ்டர் கிளாசிக்’ நடத்தியபோது போட்டியாளர்களை விமானத்தில் ஏற்றி, எந்த ஏரிக்குப் போகிறோம் என்பதையே நடுவானில்தான் சொன்னார். நெவாடா பக்கத்து மீட் ஏரி. ஆளுக்குப் பத்து பவுண்டு எடைக்கு மேல் சாமான் கொண்டுவரக் கூடாது என்றும் கட்டுப்பாடு. பாபி மர்ரே ஜெயித்தார். தெரியாத ஏரி, கையில் கொஞ்சம் சாமான். தண்ணீரைப் பார்த்து, அதற்குத் தக்கதை எடுத்துப் போடத் தெரிந்தவனுக்குத்தான் அங்கே வேலை. இதற்கும் முந்தின கதை ஒன்று உண்டு. 1932-ல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்ற விவசாயி 22 பவுண்டு 4 அவுன்ஸ் பாஸ் பிடித்தார். பத்துக் கிலோ! அன்று அவரிடமும் கூட வந்தவரிடமும் சேர்த்து ஒரே ஒரு லூர்தான் இருந்தது என்று சொல்வார்கள். உலக சாதனை மீனை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைத்துவிட்டார்கள். நம்ம ஆட்கள்தான் அவர்களும்.

இனி நம் குளத்துக்கு வருவோம். கன்னடியன் கால்வாய் தண்ணீர் விழுகிற குளம் தை மாதம் எப்படி இருக்கும்? மடைப் பக்கம் ஆழம், உள்வாய்ப் பக்கம் முழங்கால் தண்ணீர். ஆம்பல், கோரை, வெங்காயத்தாமரை, நடுவில் நீரில் நிற்கும் கருவேல மரங்கள். குட்டி மீன் வடிவில் இருக்கும் கிராங்க்பைட்டின் வயிற்றிலும் வாலிலும் மும்முள் தொங்கும். கல்லும் கட்டையும் உள்ள திறந்த தண்ணீரில் அது முட்டி முட்டி வருவது அழகுதான். இங்கே போட்டால் முதல் வீச்சிலேயே ஒரு கூடை பாசி வரும், இரண்டாவது வீச்சில் லூர் கருவேலத்தில் நிற்கும். பிறகு ஐந்நூறு ரூபாய்க்காகக் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, அந்தப் பக்கத்து மீனையெல்லாம் கலைத்துவிட்டு வருவார்கள்.

என்னைக் கேட்டால் மூன்று போதும்.

முதலில் தவளை. உள்ளே காற்று உள்ள மெத்தென்ற ரப்பர் தவளை, இரட்டை முள் மேல் நோக்கி உடம்போடு ஒட்டியிருக்கும். ஆம்பல் இலைமேல் ஏறி இறங்கி வரும், மாட்டாது. மீன் கடித்து உடம்பு அமுங்கும்போதுதான் முள் வெளியே வரும். இதுவும் பாஸுக்குச் செய்ததுதான். ஆனால் விரால் காலங்காலமாகத் தவளை தின்கிற மீன் என்பதால் நமக்கு அப்படியே பொருந்துகிறது. நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முதுகில் கண், புள்ளி, வரி என்று வரைந்திருப்பதெல்லாம் வாங்குகிறவனுக்காக. மீன் கீழேயிருந்து பார்க்கிறது, அதற்குத் தெரிவது வயிறு மட்டும். தண்ணீர் தெளிந்திருந்தால் வெளிறிய வயிறு, கலங்கியிருந்தால் கறுப்பு. வானத்து வெளிச்சத்துக்கு எதிரே கறுப்புதான் நிழலாக எடுப்பாகத் தெரியும். நான் பழைய ஹவாய் செருப்பை அறுத்துத் தவளை செய்கிறேன். வைண்டிங் கம்பியால் கால் கட்டினால் ஆயிற்று. காசு கொடுத்து வாங்கியதற்கும் இதற்கும் விராலுக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

தவளையில் லூரைவிட அதை இழுக்கும் விதம்தான் பெரிது. இலைக்கூட்டத்தின் மேல் சும்மா இழுத்து வரலாம். நடுவில் கையகலத் தண்ணீர் திறந்திருக்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். வளையங்கள் அடங்கும்வரை நிறுத்த வேண்டும். பையன்களால் இது முடிவதேயில்லை. அப்புறம் தண்ணீர் வெடித்த மாதிரி ஒரு அடி விழும், உடனே ராடைத் தூக்கிவிடுவார்கள், தவளை பறந்து வந்து நெஞ்சில் விழும். எலேய், அது இன்னும் வாயை மூடவே இல்லை! லைன் இறுகி, கனம் கைக்குத் தெரிந்த பிறகு இழு. விராலின் தாடை எலும்பு. பாஸ் வாய் அளவுக்கு முள் சுலபமாக இறங்காது. அதனால் தடித்த முள், விறைப்பான ராடு, நாற்பது ஐம்பது பவுண்டு தாங்கும் பிரெய்டு லைன் (பின்னிய நூல்) வேண்டும். பாஸ்காரன் மாதிரி கீழுதட்டைக் கட்டைவிரலால் பிடித்துத் தூக்கிப் போட்டோ எடுக்க நினைத்தால் விரலில் தையல் போட வேண்டியிருக்கும். விராலுக்குப் பல் உண்டு.

இரண்டாவது ஸ்பின்னர்பைட். வளைந்த கம்பி, ஒரு முனையில் சுழலும் தகடு, மறுமுனையில் ஈயத் தலையும் முள்ளும். கம்பியே முள்ளுக்கு மறைப்பு என்பதால் கோரை ஓரத்தில் தாராளமாக இழுக்கலாம். தகடு சுழலும் அதிர்வை மீன் உடம்பால் உணர்ந்துவிடும், கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. மழைத் தண்ணீர் செம்மண் நிறத்தில் நிற்கும்போது இதைவிட நல்லது இல்லை. மீன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தேடவும் இதுதான் வேகமான ஆயுதம்.

மூன்றாவது பிளாஸ்டிக் புழு. ஒகையோ மாநிலத்தில் நிக் கிரீம் என்பவர் 1949-ல் வீட்டிலேயே காய்ச்சி ஊற்றிச் செய்தது. முன்னால் தோட்டா வடிவ ஈயம், முள்ளின் நுனியைப் புழுவின் உடம்புக்குள்ளேயே திரும்பப் புதைத்துவிடுவது. இதை டெக்சாஸ் ரிக் என்கிறார்கள். தவளையைத் தவறவிட்ட விரால் அதே இடத்தில் ஒன்றிரண்டு நிமிடம் நிற்கும். அந்த நேரத்தில் புழுவை மெல்ல அதன் முன்னால் இறக்கினால் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும். அதற்காகவே இரண்டாவது ராடு தயாராக இருக்க வேண்டும்.

பாஸ்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு இருக்கிறது. விரால் காற்றைச் சுவாசிக்கிற மீன், மூச்செடுக்க மேலே வந்தே தீரும். அங்கே படகில் சோனார் திரை வைத்து மீனைத் தேடுகிறார்கள். மீனை நேரடியாகக் காட்டும் கருவியைப் போட்டியில் அனுமதிக்கலாமா என்று பெரிய வாக்குவாதமே நடக்கிறது. இங்கே கரையில் உட்கார்ந்து கண்ணைத் திறந்து வைத்திருந்தால் போதும். ‘பிளக்’ என்று ஒரு சத்தம், ஒரு வளையம், கொஞ்சம் குமிழி. வளையத்தின் மேலேயே போடக் கூடாது, பயந்து ஓடிவிடும். அதைத் தாண்டிப் போட்டு, அதன் வழியாக இழுத்து வர வேண்டும். மார்கழி, தைக் குளிரில் அதிகாலையில் ராடைத் தூக்கிக்கொண்டு ஓடுவதிலும் பிரயோசனம் இல்லை. வெயில் ஏறி, ஓரத் தண்ணீர் சூடான பிறகுதான் விரால் சுறுசுறுப்பாகும். போட்டியை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தால் எல்லாருக்கும் நல்லது. டீயும் குடித்துவிட்டு வரலாம்.

லூரை விடுங்கள். பாஸ் போட்டியிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்களுடைய விதிகளை. அங்கே ஒரு நாளைக்கு ஐந்து மீன்தான் கணக்கு. எத்தனை பிடித்தாலும் கனமான ஐந்தின் எடையைத்தான் கூட்டுவார்கள். இதனால் ஆட்டமே மாறிவிடுகிறது. முதலில் சுமாரான ஐந்தைச் சேர்த்துவிட்டு, பிறகு பெரிய மீனுக்காகப் பொறுமையாக ஒரே இடத்தில் நிற்க வேண்டும். பெரியது வந்தால் சின்னது தண்ணீருக்குத் திரும்பிப் போகும். எண்ணிக்கைக்குப் பரிசு என்று வைத்தால் நம் பையன்கள் உள்ளங்கை நீளக் குறவையையும் விடமாட்டார்கள். 1972-லிருந்து அங்கே மீனை உயிரோடு விடும் வழக்கத்தையும் கொண்டுவந்தார்கள். செத்த மீனைக் கொண்டுவந்தால் எடையில் கழிக்கிறார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பாஸ் செவுளால் மூச்சுவிடும் மீன், அதனால் படகுத் தொட்டியில் காற்று கலந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். விராலை அப்படி நினைத்து, கண்ணிப் பையில் போட்டுத் தண்ணீருக்கு அடியில் கட்டி வைத்தால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். மேலே வந்து காற்று எடுக்க வழி வேண்டும். பாதி அளவு தண்ணீர் ஊற்றிய டிரம், துளை போட்ட மூடி, அதன்மேல் ஒரு கல். மூடி இல்லாவிட்டால் துள்ளிப் போய்விடும். அதைவிடப் பிடித்த இடத்திலேயே பலகையில் நீளம் அளந்து விட்டுவிடுவது உத்தமம். ஐந்து மீனின் நீளத்தைக் கூட்டினால் முடிந்தது. தராசும் வேண்டாம், சண்டையும் வேண்டாம்.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம். மழைக்காலத்தில் பொரித்த விரால் குஞ்சுகள் செக்கச்செவேலென்று கூட்டமாக மேற்பரப்பில் கொதிக்கிற மாதிரி திரியும். கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்தக் கூட்டத்தின்மேல் தவளையைப் போட்டால் நிச்சயம் அடிக்கும். பசிக்காக இல்லை, குஞ்சைக் காப்பாற்ற. இணையத்தில் பலரும் பெருமையாகக் காட்டும் பெரிய விரால்களில் பலவும் இப்படிப் பிடித்தவை. பெரியதை எடுத்துவிட்டால் குஞ்சுகளைக் கெளுத்தியும் கொக்கும் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடும். தையிலும் சில குளங்களில் குஞ்சுக் கூட்டம் கண்ணில் படுகிறது. குஞ்சுக்கூட்டத்தில் போட்டவர் போட்டியிலிருந்து வெளியே என்று நோட்டீசிலேயே அச்சடிக்க வேண்டும். இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

‘அந்த பாஸ் மீனையே கொண்டுவந்து விட்டால் என்ன’ என்று ஒரு பையன் கேட்டான். ஜப்பானில் 1925-ல் ஆஷி ஏரியில் அப்படித்தான் விட்டார்கள். அது நாடு முழுக்கப் பரவி உள்ளூர் மீன்களை அழித்தது. 2005-ல் அதை வளர்ப்பதையும் உயிரோடு கொண்டுபோவதையும் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். பிவா ஏரி இருக்கும் ஷிகா மாகாணத்தில் பிடித்த பாஸை ஏரியில் திருப்பி விடுவதே தடை. அமெரிக்காவில் விட்டால் புண்ணியம், அங்கே விட்டால் குற்றம். ஆப்பிரிக்கக் கெளுத்தியிடம் நாம் படுகிற பாடு போதாதா?

அறுந்த பிரெய்டு லைனைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொள்ளவும் சொல்ல வேண்டும். தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுப்பதே ஜனவரியில்தான். முக்குளிப்பான் காலில் லைன் சுற்றினால் அது மக்கவும் மக்காது, அறுக்கவும் முடியாது.

கடைசியாக, குளம் யாருடையது என்ற கேள்வி. மீன்பாசி ஏலம், அதாவது குளத்து மீன் பிடிக்கும் உரிமையை எடுத்தவர் குஞ்சு வாங்கி விட்டுப் பணம் போட்டிருக்கிறார். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கரை உடைந்து மீனெல்லாம் போய்க் கடனாளி ஆனவர்கள் இந்தப் பக்கம் உண்டு. விரால் வளர்ப்பு மீனின் குஞ்சைத் தின்கிறது என்பதால் விரால் போட்டிக்கு அவர் சம்மதிக்கவும் கூடும், ஆனால் பிடித்ததைத் திருப்பி விடுகிறோம் என்றால் முகம் சுளிப்பார். அந்தப் பேச்சைப் பெரியவர்களை வைத்து மார்கழி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும். அவர் வலை இழுக்கும் தேதியைக் குறித்துவிட்டால் பிறகு தள்ளிவைக்க மாட்டார். அளவுப் பலகை என் பொறுப்பு. கடையில் தேக்குத் துண்டு கிடக்கிறது, சென்டிமீட்டர் கோடு போட்டுத் தருகிறேன்.

இப்படிக்கு,
காயில் கடைக்காரர்,
சேரன்மகாதேவி.